இதயத்தின்மேல் விழுந்த பழி



நான் மருத்துவம் கற்றவன் அல்லன். உயர்நிலைப் பள்ளியொன்றில் வரலாறு கற்பித்து, பின்னர் அதே பள்ளிக்குத் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அத்தகைய ஒருவன் இதய நோயைப் பற்றிப் பேச வந்திருப்பது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அந்நோய் என்னிடமே வந்து சில காலம் தங்கியிருந்து சென்றது, அதுதான் காரணம். வந்த விருந்தாளி எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பது நம் வழக்கமன்றோ? வரலாற்று ஆசிரியனாகிய நான் அந்த நோயையும் அப்படியே விசாரித்தேன். விசாரித்ததில் தெரிந்ததை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் பணியின் கடைசி ஆண்டு அது. காலை வழிபாட்டில் மாணவர்முன் நிற்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பத்துப் படி ஏறினால் மூச்சு இரைக்கும். கரும்பலகையில் நான் எழுதிய எழுத்துக்கள் நெளிந்தன. "ஐயாவுக்குக் குளிருகிறது போல" என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போது பங்குனி வெயில்! பசியோ மிகுதி, முன்னைவிட இரு மடங்கு உண்டேன். உடம்போ நாளுக்கு நாள் இளைத்தது. இடுப்பு வாரில் புதிதாக இரண்டு துளைகள் போட வேண்டியதாயிற்று. என் தந்தையார் மாரடைப்பால் மறைந்தவர். ஆகவே என் முறையும் வந்துவிட்டது என்றே முடிவு செய்தேன். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஓய்வூதியத் தாள்களையும் வீட்டுப் பத்திரத்தையும் ஒரே உறையில் இட்டு, எவர் கைக்கும் எளிதில் கிடைக்கும்படி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

ஒரு நாள் துணிந்து மருத்துவரிடம் சென்றேன். இளம் வயதுப் பெண்மணி. என்னிடம் படித்திருக்கக்கூடிய வயது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்; இதய மின்வரைபடம் எடுத்தார். அதன்பின் இரு கைகளையும் முன்னே நீட்டச் சொல்லி, விரல்களின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். காற்றில்லாத அறையில் அந்தத் தாள் அரசிலைபோல் துடித்தது. அடுத்து ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்து, "ஒரு வாய் விழுங்குங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டு என் கழுத்தையே உற்று நோக்கினார். எனக்குச் சற்றுக் கோபங்கூட வந்தது. நெஞ்சைக் காட்ட வந்தவனிடம் கழுத்தில் என்ன வேலை? அவர் சிரித்துக்கொண்டே, "உங்கள் இதயம் நல்ல இதயந்தான் ஐயா. அதை வேறொருவர் விரட்டிக்கொண்டிருக்கிறார்" என்றார்.

விரட்டியவர் யார் என்பதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த நூறு ஆண்டுகளின் கதையைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

1786ஆம் ஆண்டு. காரன்வாலிஸ் பிரபு கல்கத்தாவுக்கு வந்து தலைமை ஆளுநராகப் பதவியேற்றாரே, அதே ஆண்டு. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலே பாத் என்னும் நகரம் இருக்கிறது. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர். நோயாளிகள் நீராட வருவதால் மருத்துவர்களும் அங்கே மிகுதி. அவர்களுள் ஒருவர் காலெப் ஹில்லியர் பாரி. அம்மைப்பால் வைத்த எட்வர்டு ஜென்னரை நீங்கள் அறிவீர்கள். 1798இல் வெளியான தம் புகழ்பெற்ற நூலை ஜென்னர் இந்தப் பாரிக்கே உரிமையாக்கினார். அத்துணை நெருங்கிய நண்பர்கள். பாரியிடம் அந்த ஆண்டு 37 வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். பிள்ளைப்பேற்றுக்குப்பின் அவருக்கு நெஞ்சுத் துடிப்பு மிகுந்தது. கழுத்தின் முன்புறம் வீங்கியது. கண்கள் குழியைவிட்டு வெளியே தள்ளியவைபோல் நின்றன. நாடி நிமிடத்துக்கு 156 முறை, அதுவும் ஒழுங்கின்றி அடித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் மார்பு முழுவதும் அதிர்ந்தது.

பாரி இதை மறக்கவில்லை. அதுபோன்ற நோயாளிகளைக் காணும்போதெல்லாம் குறித்து வைத்தார். 21 வயது நங்கை ஒருத்தி 1803இல் சக்கர நாற்காலியில் அமர்ந்து மேட்டிலிருந்து விரைவாக இறங்கும்போது தூக்கி எறியப்பட்டாள். அடி அதிகம் இல்லை, அச்சமே பெரிது. அன்றுமுதல் படபடப்பு, இரு வாரங்களுக்குள் கழுத்து வீக்கம். இப்படி எட்டுப் பேருடைய குறிப்புகள் சேர்ந்தன. ஆனால் அவர் அவற்றை வெளியிடவில்லை. 1816இல் பக்கவாதம் அவரை வீழ்த்தியது, 1822இல் காலமானார். மகன் அவருடைய தாள்களைத் தொகுத்து 1825இல் அச்சிட்டபோதுதான் உலகம் அவற்றைப் படித்தது. படித்ததும் பெரும்பாலும் மறந்துவிட்டது. (வடதுருவக் கடலில் கப்பல் செலுத்திப் புகழ்பெற்ற வில்லியம் எட்வர்டு பாரி அவருடைய இன்னொரு மகன் என்பதை இடையிலே சொல்லிவைக்கிறேன்.)

இதயத்துக்கும் கழுத்து வீக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று பாரி கண்டார். ஆனால் எது முதல், எது பின் என்ற இடத்திலே வழுக்கிவிட்டார். இதயம் கெட்டு அளவுக்கு மீறி இரத்தத்தைத் தள்ளுகிறது. அந்த வெள்ளம் மூளையைத் தாக்காதபடி, கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி ஒரு வடிகால்போல் அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு வீங்குகிறது என்பது அவர் கருத்து. அழகான கருத்துத்தான். ஆனால் முற்றிலும் தலைகீழானது.

இந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூட அனுபவம் நினைவுக்கு வருகிறது. வகுப்பில் ஒரு பையன் "ஐயோ" என்று அலறுகிறான். ஆசிரியர் திரும்பிப் பார்த்து அவனையே எழுப்பி நிறுத்துகிறார். கிள்ளியவனோ பின் வரிசையில் ஒன்றும் அறியாதவன்போல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறான். நானே எத்தனை முறை இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன்! பாரியும் அவருக்குப் பின்வந்தவர்களும் செய்தது இதுவே. அலறியது இதயம், எழுப்பி நிறுத்தப்பட்டதும் இதயமே.

அடுத்துப் பெரும் பெயர் பெற்றவர் டப்ளின் நகரத்து ராபர்ட் ஜேம்ஸ் கிரேவ்ஸ். அவர் ஜெர்மன் மொழியைச் செவ்வையாகக் கற்றவர். ஆஸ்திரியாவில் கடவுச்சீட்டு இல்லாமல் அகப்பட்டபோது, அயர்லாந்துக்காரன் ஒருவன் இவ்வளவு நன்றாக ஜெர்மன் பேசமுடியாது, இவன் ஒற்றனே என்று சொல்லிச் சிறையில் அடைத்துவிட்டார்களாம். வேற்றுமொழியை நன்றாகப் படிப்பதில் இப்படியும் ஓர் இடர் உண்டு போலும்! மீத் மருத்துவமனையில் மாணவர்களை நோயாளியின் கட்டிலருகே நிறுத்தியே அவர் பாடம் நடத்தினார். மெக்காலே தம் கல்விக் குறிப்பை எழுதிய அதே 1835ஆம் ஆண்டில் கிரேவ்ஸின் சொற்பொழிவு ஒன்று அச்சாயிற்று. நெடுநாள் கடும் படபடப்பால் வருந்திய மூன்று பெண்களைப் பற்றியது அது. அவர்களுள் ஒருவருடைய இதயத் துடிப்பு, கட்டிலிலிருந்து நான்கடி தள்ளி நிற்பவர் காதுக்கும் கேட்டது என்கிறார். துடிப்பு மிகும்போது கழுத்து வீக்கமும் மிகுவதை அவர் கவனித்தார். 1840இல் ஜெர்மனியின் மெர்ஸெபுர்க் நகரத்து மருத்துவர் கார்ல் அடால்ஃப் ஃபான் பேசடோ, வீங்கிய கழுத்து, பிதுங்கிய கண், படபடக்கும் நெஞ்சு என்னும் மூன்றையும் ஒரே நோயின் அடையாளங்களாக வகுத்துக் காட்டினார். அதனால் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இது கிரேவ்ஸ் நோய். ஜெர்மன் வழங்கும் நாடுகளில் பேசடோ நோய். பாரியின் பெயரே தகும் என்று வாதாடியவர்களும் உண்டு. பெயர்ப் பூசலை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது ஒன்றே: கிரேவ்ஸின் உடன்பணியாளரான வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இல் இதய நோய்களைப் பற்றி எழுதிய பெருநூலிலும் இந்நோய் இதய நோயாகவே இடம்பெற்றது.

இனி வருவது மருத்துவ வரலாற்றிலேயே சுவையான ஒரு பிழை.

பாரிஸ் நகரத்தில் அர்மான் ட்ரூஸோ என்னும் பேராசிரியர் இருந்தார். 1863ஆம் ஆண்டு அக்டோபரில் ஓர் இளம் பெண்மணி அவரிடம் வந்தார். கழுத்தில் வீக்கம், நாடி 140க்கும் 150க்கும் இடையே. இதயத் துடிப்பை அடக்க அந்நாளில் டிஜிடாலிஸ் என்னும் மூலிகைச் சாறே சிறந்த மருந்து. அதை எழுதத்தான் அவர் பேனாவை எடுத்தார். ஆனால் மனத்திலே, 'இப்படிப்பட்டவர்களுக்கு அயோடின் கொடுக்கலாமா? கூடாதே' என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. அயோடின் கொடுத்தால் படபடப்பு மிகும் என்ற அச்சம் அக்காலத்தில் பரவியிருந்தது. மனத்தில் ஓடியது கையில் இறங்கிவிட்டது. டிஜிடாலிஸ் என்று எழுதுவதற்குப் பதிலாக அயோடின் என்று எழுதிவிட்டார்! அந்த அம்மையார் நாள்தோறும் பதினைந்து இருபது துளி அயோடின் அருந்தினார். இரு வாரம் கழித்து வந்தபோது நாடி 90. ட்ரூஸோ மகிழ்ந்தார், சீட்டைப் பார்த்தார், திடுக்கிட்டார். உடனே அயோடினை நிறுத்தி, 'சரியான' மருந்தாகிய டிஜிடாலிஸைக் கொடுத்தார். இன்னும் இரு வாரத்தில் நாடி மீண்டும் 150! வேறு வழியின்றித் தம் பிழைக்கே திரும்பினார்.

மாணவர்களே, நான் ட்ரூஸோவை வியப்பது அவர் பிழை செய்ததற்காக அன்று. அதைத் தம் சொற்பொழிவிலே மறைக்காமல் சொல்லி, நூலிலும் அச்சேற்றியதற்காக. அவர் வாளா இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? ஆயினும் அந்தப் பாடத்தை உலகம் அறுபது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இதயத்துக்கான மருந்து பலிக்காமல் கழுத்துச் சுரப்பியைத் தொடும் பொருள் பலித்ததே, அப்படியானால் குற்றவாளி எங்கே இருக்கிறான் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

1886இல் லைப்சிக் நகரத்து மோபியஸ் அதைக் கேட்டார். இந்நோய் இதயத்திலும் இல்லை, நரம்பிலும் இல்லை. தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்வதே நோய் என்றார். சான்றுகள் ஒவ்வொன்றாக வந்தன. 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே, தைராய்டு குன்றிச் சோர்ந்து கிடந்த ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழியே செலுத்திப் பிழைக்க வைத்தார். அந்தச் சாறு அளவு மிகுந்தால் நோயாளிக்குப் படபடப்பு உண்டாவதையும் மருத்துவர்கள் கண்டார்கள். ஆக, இல்லாத நோயைச் சுரப்பியின் சாறே உண்டாக்கிக் காட்டிவிட்டது. 1895இல் பெர்லினில் மாக்னஸ் லெவி இந்நோயாளிகள் மூச்சில் வாங்கும் ஆக்சிஜனை அளந்து, அவர்கள் உடம்பு படுத்திருக்கும்போதே மற்றவரைவிட மிகுதியாக எரிகிறது என்று காட்டினார். நான் உண்ட சோறெல்லாம் எங்கே போயிற்று என்பது அதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவில் எட்வர்டு கெண்டல் சுரப்பியின் சாரத்தைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். தைராக்சின் என்பது அதன் பெயர். அயோடின் அதன் உறுப்பு.

குரல்வளையின் முன்னே, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்ததுபோல் ஒட்டியிருக்கும் இச்சுரப்பியின் எடை சுமார் இருபது கிராம். நாளொன்றுக்கு அது சுரக்கும் தைராக்சின், ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்கு செய்தால் அதில் ஏறத்தாழ ஒரு பங்கு. அவ்வளவே! அந்தத் துளி மிகுந்தால் என்ன ஆகிறது? இதயத் தசை நேராகவே தூண்டப்பட்டு விரைந்து சுருங்குகிறது. உடம்பெங்கும் எரிதல் மிகுவதால் எல்லா உறுப்புகளும் மேலும் இரத்தம் கேட்கின்றன. சிறு இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுப்பதால் இரத்தம் விரைந்து ஓடித் திரும்புகிறது. திரும்பியதை இதயம் மீண்டும் தள்ளியாகவேண்டும். நிமிடத்துக்கு எழுபது முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் 1,00,800 முறை துடிக்கிறது. 150 ஆனால் 2,16,000. உறக்கத்திலும் ஓய்வில்லை. இளைஞரின் இதயம் இதைச் சில காலம் தாங்கும். என்னைப் போன்ற முதியோரின் இதயத்திலோ மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டு, வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும். அப்போது நாடியில் தாளமே இராது. தேங்கிய இரத்தம் மேலறையில் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். நீடித்தால் காலில் நீர் கோத்து, இதயம் தளர்ந்து போகும். குற்றம் வேறிடத்தது என்பதனால் தண்டனை பொய்யன்று.

குற்றவாளியைக் கண்டபின் அவனை அகற்றுவதுதானே வழி? 1880இலேயே ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்து லுட்விக் ரேன் இந்நோய்க்காகத் தைராய்டை அறுத்தெடுத்திருந்தார். இந்த ரேன்தான் 1896இல் கத்திக் குத்துப்பட்ட இதயத்தையே தைத்து ஒருவரைப் பிழைக்க வைத்தவர். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து தியோடர் கோக்கர் தைராய்டு அறுவையை நுண்கலையாக்கி 1909இல் நோபெல் பரிசு பெற்றார். லெனினுடைய மனைவியார் குரூப்ஸ்காயாவுக்கு இந்நோய் முற்றியபோது, 1913இல் பெர்ன் நகருக்குச் சென்று கோக்கரிடமே அறுவை செய்துகொண்டார். 1939 வரை அந்த அம்மையார் வாழ்ந்தார்.

எல்லாருக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. விரட்டப்பட்டுக் களைத்த இதயம் கத்தியின் அதிர்ச்சியைத் தாங்குமா? சுரப்பியைத் தொட்டவுடன் காய்ச்சலும் படபடப்பும் புயல்போல் எழுந்து சிலர் ஓரிரு நாளில் மாண்டனர். இங்கேதான் ட்ரூஸோவின் பிழை மீண்டும் உயிர்பெற்றது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து மேயோ மருத்துவமனையில் ஹென்றி பிளம்மர் என்பவர், 1922ஐ ஒட்டி, அறுவைக்குமுன் சில நாள் அயோடின் கரைசலைத் துளித்துளியாகக் கொடுத்தார். படபடப்பு அடங்கியது, சாவு வெகுவாகக் குறைந்தது. அவர் அதற்குச் சொன்ன விளக்கம் பிற்காலத்தில் தவறென்று தள்ளப்பட்டது. மருந்து மட்டும் நிலைத்தது. அளவு மிகுந்த அயோடின் சுரப்பியைச் சில வாரங்கள் திகைத்து நிற்கவைக்கிறது. பின்னர் அது விழித்துக்கொள்ளும். அந்த இடைவெளிக்குள் அறுவையை முடித்துவிடவேண்டும்.

அதே காலத்தில் பாஸ்டன் நகரத்து ஃப்ராங்க் லேஹி கண்டதைத்தான் நான் இந்த வரலாற்றின் நடுமணி என்பேன். கால் வீங்கி, மூச்சுத் திணறி, இனி நாள் எண்ணவேண்டியதுதான் என்று கைவிடப்பட்ட முதிய இதய நோயாளிகள் சிலர். கண் பிதுங்கவில்லை, கழுத்து வீக்கமும் வெளித்தெரியவில்லை. எனவே எவரும் கழுத்தைப் பார்க்கவில்லை. லேஹி பார்த்தார், தைராய்டை அறுத்தார். அவர்கள் எழுந்து நடந்தார்கள்! இதய நோய் என்றால் தீராத நோய் என்றிருந்த காலத்தில், முழுதும் மீளக்கூடிய ஓர் இதய நோய் உண்டென்பது தெளிவாயிற்று. இதில் மிகையும் நேர்ந்தது. தைராய்டை எடுத்தால் இதயம் ஓய்வு பெறுமல்லவா என்று எண்ணி, 1933இல் பாஸ்டனிலேயே வேறு சிலர், தைராய்டு நன்றாக இருந்த இதய நோயாளிகளின் தைராய்டையும் அறுத்தெடுத்துப் பார்த்தார்கள். அது சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது.

கத்தியில்லாத வழி உண்டா? அந்த வழியும் பாஸ்டனில்தான் பிறந்தது. பிறந்தது ஒரு கேள்வியில். 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், மருத்துவர்களின் பகலுணவுக் கூட்டம் ஒன்றில் இயற்பியல் அறிஞர் கார்ல் காம்ப்டன் பேசினார். இயற்பியல் மருத்துவத்துக்கு என்ன உதவி செய்யக்கூடும் என்பது பொருள். செயற்கைக் கதிரியக்கத்தை மேரி கியூரியின் மகளும் மருமகனும் கண்டுபிடித்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பேச்சு முடிந்ததும் ஸால் ஹெர்ட்ஸ் என்னும் முப்பத்தொரு வயது மருத்துவர் எழுந்தார். அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கமுடையதாக்க முடியுமா என்று கேட்டார். உடம்பில் அயோடினைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் உறுப்பு தைராய்டு ஒன்றே. கதிர் வீசும் அயோடினைக் குடிக்கக் கொடுத்தால், வழி கேட்காமல் அது நேரே குற்றவாளியின் வீட்டுக்குள் நுழைந்துவிடுமே! காம்ப்டனுக்கு உடனே விடை தெரியவில்லை. டிசம்பர் மாதம் கடிதம் எழுதி, முடியும் என்றார். 1937இல் முயல்களில் சோதித்தார்கள். 1941இல் ஹெர்ட்ஸ் முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்தார். வெறுங் குவளையில் ஒரு வாய் நீர், அவ்வளவே சிகிச்சை. போர் வந்தது, ஹெர்ட்ஸ் கடற்படை மருத்துவப் பணிக்குச் சென்றார். வேலையை மற்றவர் தொடர்ந்தனர். யாருக்கு எவ்வளவு புகழ் என்ற வழக்கும் தொடர்ந்தது. 1950இல், தமது 45ஆம் வயதில், ஹெர்ட்ஸ் மாரடைப்பால் இறந்தார்.

மாத்திரை வழியும் அதே நகரத்தில் அமைந்தது. முட்டைக்கோசை ஓயாமல் தின்ற முயல்களுக்குக் கழுத்து வீங்கியதை 1928இல் பால்டிமோரில் கண்டனர். சில மருந்துகளைத் தின்ற எலிகளுக்கும் அவ்வாறே. அந்தப் பொருள்கள் தைராக்சின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று உணர்ந்த எட்வின் ஆஸ்ட்வுட், 1943இல் அவற்றை மனிதர்க்கு மருந்தாக்கினார். இன்று வழங்கும் கார்பிமசோல் அந்தக் குலத்தில் பிறந்ததே. 1960களில் ஜேம்ஸ் பிளாக் கண்டுபிடித்த புரோப்ரனலால் விரட்டப்படும் இதயத்தின் ஓட்டத்தை அன்றன்றே தணித்து, மற்ற மருந்து வேலை செய்யும்வரை காவல் காக்கிறது.

இவ்வளவும் சொன்னபின், கிள்ளிய பையனைப் பற்றி நான் சொன்னதைச் சிறிது திருத்தவேண்டியிருக்கிறது. 1956இல் நியூசிலாந்தின் டனீடன் நகரத்தில் ஆடம்ஸ், பர்வ்ஸ் என்னும் இருவர், இந்நோயாளிகளின் இரத்தத்தில் தைராய்டை நெடுநேரம் தூண்டும் ஒரு பொருளைக் கண்டார்கள். அது நம் உடம்பின் எதிர்ப்பொருள் என்பது பின்னர்த் தெரிந்தது. கிருமிகளைத் தாக்கவேண்டிய காவற்படை, ஆள் தெரியாமல் தைராய்டைப் பிடித்து முடுக்குகிறது. ஆகக் கிள்ளியவனையும் ஒருவன் பின்னிருந்து தூண்டியிருக்கிறான்! அந்தக் காவற்படை ஏன் தடுமாறுகிறது என்ற விசாரணை இன்னும் முடியவில்லை. உங்களுள் யாரேனும் ஒருவர் முடிக்கலாம்.

நோயிலிருந்து மீள்வது எப்படியிருக்கும் என்பதற்கு உலகறிந்த ஒரு சான்று உண்டு. 1991ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த மூத்த ஜார்ஜ் புஷ், கேம்ப் டேவிட் என்னும் ஓய்விடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது மூச்சு வாங்கிச் சோர்ந்தார். வயது 66. மருத்துவமனையில் பார்த்தால் இதய மேலறைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. மின்னதிர்ச்சி கொடுத்துச் சீர்செய்வதானால் அவரை மயக்கவேண்டும்; மயக்கினால் ஆட்சிப் பொறுப்பைத் துணைத் தலைவரிடம் ஒப்படைக்கவேண்டும். உலகமே பரபரத்தது. மருந்தாலேயே தாளம் திரும்பியதால் அதற்குத் தேவை நேரவில்லை. சில நாளில் காரணமும் வெளிப்பட்டது: கிரேவ்ஸ் நோய்! அவர் மனைவியாருக்கும் முன்பே அது வந்திருந்ததால், அவர்கள் வாழ்ந்த வீடுகளின் குடிநீரைக்கூடச் சோதித்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. மே 9ஆம் நாள் அவர் கதிரியக்க அயோடினைக் குடித்தார். 2018 வரை, 94 வயது வாழ்ந்தார். முதுமையில் விமானத்திலிருந்து குடைகட்டிக் குதிக்கவும் செய்தார்!

எனக்கு வந்தது அவ்வளவு பெரிய செய்தி அன்று. கார்பிமசோலும் புரோப்ரனலாலும் தந்தார்கள். இரத்தம் உறையாதிருக்க இன்னொரு மாத்திரை. பத்து நாளில் கை நடுக்கம் தணிந்தது. இதயத்தின் தாளம் மட்டும் உடனே திரும்பவில்லை. தைராய்டு ஒழுங்குக்கு வந்தபின், மேலறை நடுக்கமுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது தானே சீர்ப்படும் என்றார் மருத்துவர். மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு என்னை இரவெல்லாம் உறங்கவிடவில்லை. கணிதம் தெரியாதவர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள் என்று அப்போது நினைத்தேன்.

மூன்றாம் மாதம் ஒரு விடியற்காலை. வழக்கம்போல் மணிக்கட்டில் விரலை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் போவதுபோல் துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எழுபத்தாறு. நம்பாமல் மீண்டும் எண்ணினேன், அதுவே. அடுப்படியிலிருந்த மனைவியை அழைத்துக் கையைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். ஏன் எதற்கென்று கேட்டபோதுதான், மேல்தட்டில் உறையிட்டு வைத்த சங்கதி உட்பட எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் எண்ணுவதை விட்டுவிட்டுச் சிறிது நேரம் அழுதார். பிறகு நெடுநேரம் கோபித்துக்கொண்டார்.

ஒன்றரை ஆண்டுக்குப்பின் மாத்திரைகளை நிறுத்தினார்கள். நோய் மீண்டும் தலைகாட்டக்கூடும் என்பதால் ஆறு மாதத்துக்கொரு முறை இரத்தச் சோதனைக்குச் செல்கிறேன். மருத்துவர் இப்போதும் தம்ளரில் தண்ணீர் தந்து விழுங்கச் சொல்கிறார். நானும் தாடையைச் சற்று உயர்த்தி, கழுத்தை நன்றாகக் காட்டி விழுங்குகிறேன்.